வாங்காத வாடகைக்கு வரி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொண்டு நிறுவனங்களுக்குக் குறைந்த வாடகையில் இடம் கொடுப்பவர்களை வருமான வரிச் சட்டம் நடத்தும் விதம் மாற வேண்டும்.

கைக்கு வந்த வாடகைக்குத்தான் வரி என்று பலரும் நம்புகிறார்கள். சட்டம் அப்படி இல்லை. அந்த இடம் நியாயமாக எவ்வளவுக்குப் போகும் என்பதையும் வாங்கிய வாடகையையும் வைத்துப் பார்த்து, எது அதிகமோ அதையே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது.

மாதம் 40,000 ரூபாய்க்குப் போகும் இடத்தை, சிறப்புக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் ஓர் அறக்கட்டளைக்கு ஒருவர் 10,000-க்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு அவர் வாங்குவது 1,20,000. அதிகாரி 4,80,000 என்று எடுத்துக்கொண்டால், சொத்து வரியை விட்டுவிட்டுப் பார்த்தாலும், வாடகை வருமானத்துக்குச் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு போக வரிக்கு உட்படுவது 3,36,000. 30 சதவீத ஸ்லாபில் இருப்பவருக்கு செஸ்ஸோடு 1,04,832 ரூபாய் வரி. மிச்சம் 15,168. இதில்தான் பராமரிப்பும் பார்க்க வேண்டும். இப்படி இருந்தால் அடுத்த முறை யார் இடம் கொடுப்பார்கள்?

விட்டுக்கொடுத்த வாடகையை நன்கொடையாகக் காட்டவும் முடியாது. பழைய சட்டத்தில் 80-ஜி எனப்பட்ட நன்கொடைக்கான வரிச் சலுகை பணமாகக் கொடுத்ததற்கு மட்டுமே. சரி, முழு வாடகையை வாங்கி நன்கொடையாகத் திருப்பிக் கொடுக்கலாமே என்பார்கள். பழைய வரிமுறையில் பெரும்பாலும் பாதித் தொகைக்குத்தான் கழிவு, அதற்கும் உச்சவரம்பு உண்டு. புதிய வரிமுறையில் அதுவும் இல்லை. தவிர, மாதாமாதம் 40,000 புரட்ட முடியாததால்தானே அந்த அறக்கட்டளை குறைந்த வாடகைக்கு இடம் தேடியது?

தகுந்த ஆதாரம் இல்லாமல், சந்தை நிலவரத்தை மட்டும் காட்டி உண்மையான வாடகையை அதிகாரி ஒதுக்கிவிட முடியாது என்று 2014-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் ஒரு சிறிய கட்டட உரிமையாளர் வழக்கு நடத்தித்தான் இதை நிலைநாட்ட வேண்டும் என்பது நியாயமில்லை.

உறவினர் பெயரில் டிரஸ்ட் வைத்து ஏமாற்றுவார்கள் என்ற பயம் நியாயமானதே. அதனால் வருமான வரித் துறையில் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், உரிமையாளரோ அவர் குடும்பத்தாரோ அதில் அறங்காவலராக இல்லாவிட்டால் மட்டும், எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தில் உள்ள வாடகையையே வருமானமாக ஏற்கட்டும். நிதியமைச்சகம் அடுத்த பட்ஜெட்டிலேயே இந்தத் திருத்தத்தைக் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்