ஐந்தாவது பெட்டி ஏன் நுழைவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு உள்அலங்காரத்தைத் தொழில்நுட்பத்தின் துணையோடு செய்யும் நிறுவனங்களைப் பற்றிய கட்டுரைகளில் முதலீட்டுத் தொகையும் முப்பரிமாணப் படங்களுமே பேசப்படுகின்றன. பெங்களூரில் 2014-இல் தொடங்கிய லிவ்ஸ்பேஸ் 2022-இல் நூறு கோடி டாலர் மதிப்பைத் தாண்டியதும், அதைப்போலவே 2014-இல் தொடங்கிய ஹோம்லேன் 2024-இல் டிசைன்கஃபே என்ற போட்டி நிறுவனத்தை வாங்கியதும் பெரிய செய்திகள்தான். இத்தொழிலில் இறங்க நினைப்பவருக்கு அவற்றால் அதிகப் பயனில்லை. லாபம் கரையும் இடங்கள் வேறு: முதலில் அளவெடுப்பு, அடுத்தது கட்டிங் லிஸ்ட், அதாவது பலகைகளை எந்தெந்த அளவில் அறுப்பது என்ற பட்டியல்.

கட்டட வரைபடத்தில் சமையலறைச் சுவர் 3,000 மி.மீ. என்றிருக்கும். அது பெரும்பாலும் செங்கல் முகத்திலிருந்து செங்கல் முகம் வரையிலான அளவு. பக்கத்துக்கு 12 முதல் 15 மி.மீ. பூச்சு, அதன்மேல் டைலும் பசையுமாக இன்னொரு 15 மி.மீ. என்று கணக்கிட்டால், இரு பக்கமும் சேர்த்து 60 மி.மீ. வரை போய்விடும். வரைபடத்தை அப்படியே மென்பொருளில் ஏற்றி 600 மி.மீ. அகல அலமாரிப் பெட்டி ஐந்தை வரிசையாக வைத்தால் திரையில் கச்சிதமாக உட்காரும். வீட்டில் ஐந்தாவது பெட்டி நுழையாது. மீதமுள்ள 2,940 மி.மீ.யில் 600 அளவில் நான்கு, 450 அளவில் ஒன்று என்று வைத்தால் 90 மி.மீ. மிஞ்சும், ஓரத்துக்கு 45 மி.மீ. வீதம், இடைவெளியை மூடும் ஃபில்லர் பட்டையாக அதைப் பிரித்துவிடலாம். சுவரின் கோணல் அந்தப் பட்டைக்குள் மறையும்.

எனவே டைல் ஒட்டி முடிந்த பிறகே லேசர் மீட்டரோடு போக வேண்டும். தரையருகே, மேடை உயரத்தில், பரண் உயரத்தில் என மூன்று இடங்களில் அளந்து, இருப்பதில் குறைந்த அளவை எடுத்துக்கொள்வதே முறை. மூலை செங்கோணமா என்று சோதிக்க ஒரு சுவரில் 600, மறு சுவரில் 800 மி.மீ. குறித்து, இடைத்தூரம் 1,000 வருகிறதா என்று பார்த்தால் போதும். பெரும்பாலும் வராது.

அளவு சரியாக இருந்தும் பிசகுவது பலகையின் கனத்தில். 18 மி.மீ. பிளைவுட்டின் வெளிப்புறம் 1 மி.மீ., உட்புறம் 0.8 மி.மீ. லேமினேட் (அலங்கார மேல்தகடு) ஒட்டினால் 19.8 ஆகிவிடுகிறது. மென்பொருள் 18 என்றே எண்ணி, இரு பக்கப் பலகைகளுக்கு இடையே வரும் கீழ்ப்பலகையை 564 மி.மீ. என்று கொடுத்தால், 600 வரவேண்டிய பெட்டி 603.6 ஆகும். ஐந்து பெட்டி வரிசையில் அது 18 மி.மீ. ஆகி, ஃபில்லருக்கு விட்ட இடத்தில் அவ்வளவைத் தின்றுவிடும். பிளைவுட்டும் லாட்டுக்கு லாட் கொஞ்சம் கூடக் குறைய வரும். வந்திறங்கிய பலகையை வெர்னியர் காலிப்பரில் அளந்து, அந்த எண்ணை மென்பொருளில் திருத்திய பிறகே கட்டிங் லிஸ்ட் எடுக்க வேண்டும். மரக்கோடு உள்ள லேமினேட் என்றால், மென்பொருளில் பலகையைத் திருப்பி அடுக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கழிவு குறையும், ஆனால் ஒரு கதவில் கோடு நெடுக்காகவும் அடுத்ததில் குறுக்காகவும் ஓடும்.

அயல்நாட்டு மென்பொருள்களில் மேடை உயரம் ஏறக்குறைய 900 மி.மீ. என்றே வரும். அங்கே அடுப்பு மேடைக்குள் பதிந்திருக்கும். நம் வீடுகள் பலவற்றில் அடுப்பு மேடைமேல் உட்கார்வதால் சட்டியின் உயரம் இன்னும் 100 மி.மீ. கூடுகிறது. முழங்கைக்கு 100 முதல் 150 மி.மீ. கீழே மேடை இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஐந்தடி உயரமுள்ளவருக்கு அது 800 முதல் 850. சமைப்பவரின் உயரத்தைக் கேட்கும் கட்டம் எத்தனை செயலிகளில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

இனி பணம். ஒரு குடும்பம் பத்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலை இது. விளம்பரத்தில் பிடித்த வாடிக்கையாளர் அடுத்த மாதம் திரும்பி வரமாட்டார். அவர் சொல்லி இன்னொருவர் வந்தால்தான் உண்டு. அதை முடிவு செய்வது ஃபிட்டரின் கைவேலை. பெட்டி தயாராகும் முன்பே விலையில் பெரும்பகுதி முன்பணமாக வந்துவிடுவதுதான் ஆபத்து. அதை விளம்பரத்தில் இறைத்துவிட்டு, அடுத்தவர் முன்பணத்தில் முந்தையவருக்குப் பிளைவுட் வாங்கத் தொடங்கினால் மீள்வது கடினம். வீட்டுக்கு வீடு தனிக் கணக்கு வைத்தே ஆக வேண்டும். அமெரிக்காவின் மோட்ஸி, அறையின் புகைப்படத்தைக் கொண்டே முப்பரிமாண வடிவமைப்பை அருமையாகக் காட்டியது. ஆனாலும் 2022-இல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது.

சிராய்ப்போடு வந்த ஒரே ஒரு கதவு முழு வீட்டின் ஒப்படைப்பையும் நிறுத்திவைக்கும். அடுத்த லாட் லேமினேட்டில் நிறம் லேசாக மாறும் என்பதால் அதே லாட்டில் ஒரு ஷீட்டைக் கூடுதலாக எடுத்து வைப்பது சிக்கனக் குறைவு ஆகாது.

உங்கள் செய்தியாளர்கள் இனி இத்தகைய உள்அலங்கார நிறுவனத்தாரைச் சந்திக்கும்போது, சொன்ன தேதியில் ஒப்படைத்த வீடுகள் எத்தனை, வீட்டுக்கு எத்தனை பலகை மாற்ற நேர்ந்தது, முன்பணத்தில் செலவாகாமல் இருப்பு எவ்வளவு என்று கேட்க வேண்டுகிறோம். வீட்டுக்காரர்களும் விலைப்பட்டியலில் வெறும் ‘பிளைவுட்’ என்றிருந்தால் கையெழுத்திட வேண்டாம். சிங்க்கின் கீழ் ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட், லேமினேட்டின் கனம், கீலின் பிராண்டு ஆகியவற்றை எழுதி வாங்கி, கடைசி 5 முதல் 10 விழுக்காட்டை எல்லாக் கதவும் நேராக மூடிய பிறகு கொடுக்கலாம்.

இப்படிக்கு,
உள்அலங்காரத் தொழிலில் இருக்கும் இருவர்,
கோயம்புத்தூர்.