பழங்காசுகளைக் கல்லில் வெட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையில் கிடைத்த பழங்காசுகளை வைகைக் கரைச் சுவர்களில் ஓவியமாக வரைய வேண்டும் என்று எங்கள் பகுதியில் பேச்சு அடிபடுகிறது. நல்ல யோசனைதான். ஆனால் தயவுசெய்து பெயிண்டில் வேண்டாம். கோபுரமும் ஜல்லிக்கட்டுக் காளையும் வரைந்த சுவர்கள் இரண்டு மழைக்குப் பிறகு என்ன ஆகின்றன, அவற்றின்மேல் யாருடைய பிறந்தநாள் சுவரொட்டி ஏறுகிறது என்பது ஊருக்கே தெரியும்.

தெற்காவணி மூல வீதியில் நகைக்கு அச்சு வெட்டிப் பிழைத்தவன் நான். சங்ககாலப் பாண்டியரின் செப்புக்காசு பெரும்பாலும் சதுரமானது; உள்ளங்கையில் வைத்தால் காணாமல் போகும் அளவு. 'பெருவழுதி' என்ற பாண்டிய மன்னன் பெயரைத் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் பொறித்த காசை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில் வெளிக்கொண்டு வந்தார். ஒருபுறம் குதிரை, மறுபுறம் சில கோடுகளிலேயே முடிந்துவிடும் மீன். காசில் எழுத்து நேராக விழ வேண்டுமானால், அச்சில் அதை இடம் வலம் மாற்றி வெட்ட வேண்டும். அத்தனை சிறிய இடத்தில் குதிரைக்கும் எழுத்துக்கும் இடம் ஒதுக்கி வெட்டிய கை சாதாரணக் கை அல்ல. அடிக்கும்போது சற்று விலகினால் உருவம் ஓரத்தில் அறுபட்டுப் போகும். அப்படியும் எத்தனையோ காசுகள் உண்டு. நம் ஓவியர்கள் இதையெல்லாம் 'திருத்தி', வட்டமாக்கி, தங்க நிறம் பூசி, துள்ளும் மீனும் போட்டுவிடுவார்கள் என்பதே என் பயம்.

இரண்டடிச் சதுரக் கருங்கல்லில், தேய்மானமும் விலகலும் அப்படியே தெரியும்படி புடைப்பாகச் செதுக்கி, வைகை மேலுள்ள ஏ.வி. பாலத்தருகே இடுப்பளவு உயரத்தில் வையுங்கள். பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும். பார்வையற்றவர்களும் அந்த மீனை விரலால் அறியலாம். (செம்பில் வார்க்கலாமே என்கிறார் நண்பர் ஒருவர். மறுவாரமே பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போய்விடும்.)

ரோமானியக் காசுக்கும் ஒரு கல் ஒதுக்க வேண்டும். வைகை மணலைச் சலித்தவர்களிடம் அந்தச் சிறு செப்புக்காசுகளும் சிக்கியிருக்கின்றன. நம் மாவட்டமல்ல என்றாலும், புதுக்கோட்டைப் பக்கம் கருக்காகுறிச்சியில் 1898-ல் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளை விட்டுவிட மனமில்லை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளிவெட்டு! அதையும் மழுப்பாமல் செதுக்கலாம்.

கல்லுக்குக் கீழே மன்னர் புகழ் பாடும் வரிகள் வேண்டாம். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்கடியில் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை எழுதுங்கள். பச்சை படிந்த காசுகளை முந்தானையில் முடிந்துகொண்டு எங்கள் வீதிக்கு வந்தவர்கள் உண்டு. அவை எடை போடப்பட்டு, உலோகம் உருக்கும் மூசையில் உருகியதையும் பார்த்திருக்கிறேன். கலெக்டர் அலுவலகத்தில் எந்தப் பிரிவில் கொடுப்பது என்பதையும் சேர்த்தே பொறித்துவிட்டால், கொண்டு வருபவர் அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சு வெட்டும் தொழிலாளி,
தெற்காவணி மூல வீதி, மதுரை.