கயிறு கட்டிய மூன்றாம் நாள்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஜூன் 26 வந்தால் போதை ஒழிப்புப் பேரணி நடக்கும், பள்ளிப் பிள்ளைகள் பதாகை பிடித்து உறுதிமொழி எடுப்பார்கள். நடக்கட்டும், நல்லதுதான். நான் எழுதுவது குடியை விட்டுவிட முடிவெடுத்தவர்களைப் பற்றி. அவர்களைத்தான் நாம் நட்டாற்றில் விடுகிறோம்.

நம் பக்கத்தில் குடியை நிறுத்த நினைப்பவர் பலர் முதலில் போவது கோயிலுக்கு. இனிக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிப் பூசாரி கயிறு கட்டுவார். சாமிக்குப் பயந்து அன்றைக்கே நிறுத்தியும் விடுகிறார்கள். பல வருடம் தினமும் குடித்துப் பழகிய உடம்புக்கு அது தாங்காது. மறுநாளே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தூக்கம் போய்விடும். சிலருக்கு இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும். மூன்றாம் நாள் வாக்கில் புத்தி தடுமாறும்.

வீட்டுப் பெண்கள் என் கடைக்கு வருவது அப்போதுதான். "அண்ணா, சுவத்துல பூச்சி ஊருதுங்கறாரு. யாரோ கூப்புடறாங்கன்னு எந்திரிச்சு ஓடறாரு. தூங்கறதுக்கு ஒரு மாத்திரை குடுங்க." சாமி குத்தம் என்று நினைத்துத் திருநீறு பூசிவிட்டு வந்திருப்பார்கள். சிலர் ஒரு கட்டிங் வாங்கி ஊற்றிவிடுவார்கள். நடுக்கம் நிற்கும், சத்தியமும் போகும். அப்புறம் ஊரே 'இவன் திருந்தவே மாட்டான்' என்று தீர்ப்பு எழுதிவிடும்.

கவனிக்காவிட்டால் இதில் உயிரே போகலாம். டாக்டர் பார்த்து, மாத்திரை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, வைட்டமின் பி1 ஏற்றினால் பெரும்பாலானவர்கள் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். அந்த மாத்திரைகளைச் சீட்டில்லாமல் நான் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் இருக்கிற காலம் இது. 'பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க' என்பேன். நடுங்குகிற ஆளைப் பிடித்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். கூடப் போகிறவருக்கும் எஸ்டேட் கூலி போகும். பாதிப் பேர் வீட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

மதுக்கடையை மூடச் சொல்லி எழுதவில்லை. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். அந்தப் பெருமையை மேடைகளில் நிறையக் கேட்டாகிவிட்டது. திடீரென்று மூடினால் என்ன ஆகும் என்று 2020 ஊரடங்கில் பார்த்தோம். வார்னிஷ் குடித்துச் செத்தவர்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு.

நான் கேட்பது சின்ன விஷயங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் குடி நிறுத்துவோருக்கென்றே இரண்டு கட்டில் ஒதுக்குங்கள். கிராம செவிலியர்களுக்கு இந்த நடுக்கத்தை அடையாளம் காணச் சொல்லிக்கொடுங்கள். முக்கியமாக, கயிறு கட்டும் பூசாரிகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். 'முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வா, அப்புறம் கட்டறேன்' என்று பூசாரி சொன்னால் கேட்பார்கள். நான் சொன்னால் மருந்து விற்கப் பார்க்கிறான் என்பார்கள். போதை மீட்பு உதவி எண் 14446-ஐ டாஸ்மாக் கடைச் சுவரிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். அரசுக் கடைதானே, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

காப்பிப் பழம் பறிக்கும் பருவம் தொடங்குமுன் இதைச் செய்தால் நல்லது. பறிப்பு ஆரம்பித்துவிட்டால் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க யாரும் சம்மதிக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஏற்காடு மருந்துக்கடைக்காரன்