பவளத் தொட்டி லைட்டுக்கு ஒரு லட்சம் வேணுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பவள மீன்தொட்டி பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்களே, அதப்பத்திதான் எழுதறேன். முழுசா மோசம்னு சொல்ல மாட்டேன். உப்புத்தண்ணி கலக்கறது, தண்ணி டெஸ்ட் பண்றது எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஆனா லைட் பத்தி வந்த இடத்துல, "லைட்டுக்கே ஒரு லட்சம் ஒதுக்க முடியாதவங்க இந்த ஆசைய விட்டுடறது நல்லது"ன்னு ஒரு வரி. அத படிச்சதுலேர்ந்து எனக்கு மனசே ஆறல. நான் எலக்ட்ரிக்கல் கடைல வேலை பாக்கறவன், பெரம்பூர்ல வாடகை வீடு, ஹால்ல ஒரு ரெண்டடி டேங்க். அதுல காளான் பவளம், ஸோவாந்தஸ், லெதர்னு கல் மாதிரி எலும்புக்கூடு இல்லாத மென்பவளம் எல்லாம் வருஷக்கணக்கா வளந்து, நண்பர்களுக்கு வெட்டிக் குடுக்கற அளவுக்குப் பெருகியிருக்கு. லைட் பத்தாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. என்னை மாதிரி ஆளுங்க இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்ல உங்க கட்டுரையாளருக்கு யாரு உரிமை குடுத்தது?

முதல்ல அந்தப் படம். அரைப் பக்கத்துக்கு அக்ரோபோராங்கற கல்பவளத்தோட படத்தப் போட்டு, இதுக்குத்தான் இவ்ளோ லைட் வேணும்னு எழுதியிருக்கீங்க. கல்பவளம் எல்லாமே 2001-லயே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தோட அட்டவணை 1-ல, அதாவது உச்ச பாதுகாப்புப் பட்டியல்ல, சேத்தாச்சுன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. கடல் விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளம் எல்லாம் அதே பட்டியல்லதான் இருக்கு. வீட்ல வெச்சுக்கவே கூடாத ஒரு உயிருக்கு எந்த லைட் நல்லதுன்னு நம்ம ஊர் வாசகனுக்கு எதுக்கு சார் சொல்லித் தரணும்? வெளிநாட்டுக்காரங்க அக்ரோபோரா வளக்கறாங்க, அதுக்கு 200, 300 பிஏஆர் (செடியும் பாசியும் வளர உதவற வெளிச்சத்தோட அளவு) வேணும், சரி. நம்ம வெச்சுக்கக்கூடியது காளான், லெதர் மாதிரி மென்பவளம்தான், அதையும் எங்கேருந்து வந்துச்சுன்னு பேப்பர் பாத்துதான் வாங்கணும். காளானுக்கு 50 பிஏஆர் இருந்தாலே சந்தோஷமா விரியும், லெதருக்கும் ஸோவாந்தஸுக்கும் 100 பக்கத்துல இருந்தா தாராளம். இந்த ஒரு விஷயத்த எழுதியிருந்தா அந்த ஒரு லட்சம் கணக்கே வந்திருக்காது.

பிஏஆர்ங்கற பேச்சையே காணோம், அது அடுத்த வருத்தம். முழுக்க லூமன், லூமன்னு எழுதியிருக்கு. லூமன் மனுஷக் கண்ணுக்காக வெச்ச அளவு, நம்ம கண்ணுக்குப் பச்சை வெளிச்சம்தான் நல்லாத் தெரியும், 555 நானோமீட்டர் பக்கம். பவளத்துக்குள்ளயே வாழ்ந்து அதுக்குச் சாப்பாடு குடுக்கற பாசிக்கு வேண்டியது நீலம், 420லேர்ந்து 480 வரைக்கும். கடல்ல சிவப்பு வெளிச்சம் மேல சில மீட்டர்லயே செத்துப்போயிடும், நீலம்தான் ஆழத்துக்குப் போகுது, அந்தப் பாசியும் அதுக்குத் தகுந்த மாதிரிதான் வாழுது. நல்ல நீல எல்இடிய லூமன்ல அளந்தா மட்டமான லைட் மாதிரித்தான் தெரியும். இத நம்பி எத்தன பேர் வெள்ளை வெளிச்சம் கண்ணக் கூசற லைட்டா பாத்து வாங்கப் போறாங்களோ. கடைக்கு வர்ற கஸ்டமர்கிட்ட வாட்டுக்கும் லூமனுக்கும் வித்தியாசம் சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டு போச்சு, பத்திரிகையும் சேந்து குழப்பினா நாங்க எங்க போறது?

நான் வெச்சிருக்கறது கறுப்பு டப்பா மாதிரி வர்ற சாதாரண சைனா எல்இடி. மேல 165 வாட்னு போட்டிருக்கும், 55 எல்இடி, ஒண்ணு 3 வாட்னு கணக்கு போட்டு எழுதறாங்க, முழுசா எரியவிட்டாலும் அவ்ளோ இழுக்காது. நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி டிம்மர் இருக்கறதப் பாத்துத்தான் வாங்கினேன். தெரிஞ்சவர்கிட்ட பிஏஆர் மீட்டர் இரவல் வாங்கி டேங்குக்குள்ள வெச்சுப் பாத்தேன், 40 சதவீதத்துலயே மணல்மேல 80 கிட்ட வந்துச்சு, பாறை உச்சில 150 தாண்டுச்சு. அதுக்குமேல ஏத்தறதுதான் ஆபத்து. கடைல மங்கலான தொட்டில இருந்த பவளத்தக் கொண்டுவந்து முதல் நாளே முழு வெளிச்சத்துல விட்டா உள்ள இருக்கற பாசிய வெளியேத்திட்டு வெள்ளையாயிடும். குறைச்சலா வெச்சு வாராவாரம் கொஞ்சமா ஏத்தணும். இதப்பத்தி ஒரு வரி இல்ல.

சூடு பத்தியும் இல்ல. 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடால கடல் சூடாகி பவளம் வெளுத்துப்போச்சே, அந்தக் கடலே தாங்காத சூட்ட வீட்டுத் தொட்டி எப்படித் தாங்கும்? ரெண்டடி டேங்குக்கு மேல 250 வாட் மெட்டல் ஹாலைடு, அந்த சூடு கக்கற பல்ப, தொங்கவிடச் சொல்றீங்க. சென்னைல மே மாசம் ஃபேன் வெச்சே தண்ணிய 28 டிகிரிக்குக் கீழ கொண்டுவர முடியாம தவிக்கறோம், இதுல அந்த பல்பு எரிஞ்சா தண்ணியக் குளிர வைக்கற சில்லர் வாங்கியே ஆகணும். தினம் 8 மணி நேரம் போட்டா ரெண்டு யூனிட், ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். இலவசமாக் கிடைக்கற யூனிட்ல பெரும்பகுதிய இந்த ஒரு பல்பே முழுங்கிடும். என் லைட் ஓடற அளவுக்கு ரெண்டு மாசத்துக்கு 25 யூனிட் கூட வராது. அந்தக் கணக்கப் போட ஒரு பென்சிலும் அஞ்சு நிமிஷமும் போதுமே சார்.

இது மட்டும் இல்ல. முன்ன ஒரு தடவ ஃபைட்டர் மீன கண்ணாடி பாட்டில்ல வெச்சு டேபிள் அலங்காரம்னு படம் போட்டீங்க, அதுக்கு எழுதின கடிதம் வரவே இல்ல. அப்புறம் கேள்வி பதில்ல ஒரு காலேஜ் பையன் சின்னத் தொட்டிக்கு என்ன லைட் வாங்கலாம்னு கேட்டதுக்கு "அருகிலுள்ள நிபுணரை அணுகவும்"னு பதில். நிபுணர் யாரு, கடைக்காரர்தானே? ஒரு கடைல என்கிட்டயே செடி வளக்கற லைட்ட ரீஃப் லைட்னு, அதாவது பவளத் தொட்டி லைட்னு, ரெண்டு மடங்கு விலைக்குக் குடுக்கப் பாத்தாங்க, தொழில் தெரிஞ்சதால தப்பிச்சேன், அந்தப் பையன் என்ன செய்வான்? அப்பா காலத்துலேர்ந்து எங்க வீட்ல உங்க பத்திரிகை வாங்கறோம், அந்த உரிமைலதான் கேக்கறேன்.

இன்னொண்ணு, இது உயிர் சமாச்சாரம். உப்புத்தண்ணிக்கு மேல கரண்ட் லைட்ட மாட்டச் சொல்றவங்க ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே சப்ளைய நிறுத்தற சுவிட்ச்) போடுங்க, ஒயர்ல தண்ணி வழிஞ்சு பிளக்குக்குப் போகாம கீழ ஒரு வளைவு விட்டு மாட்டுங்கன்னு சொல்ல வேணாமா? ரெண்டு பக்கக் கட்டுரைல அதுக்கு இடமில்லையா?

நான் பெருசா எதுவும் கேக்கல. அடுத்த இதழ்ல கால் பக்கம் ஒரு திருத்தம் போடுங்க, கல்பவளம் வெச்சுக்கறது சட்டப்படி தப்புன்னும், மென்பவளத்துக்கு டிம்மர் உள்ள சாதாரண எல்இடி போதும்னும், ஆர்சிசிபி கட்டாயம்னும். அளந்து வெச்ச பிஏஆர் கணக்கு வேணும்னா தாள்ல எழுதி அனுப்பறேன், பேர்கூட போட வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பெரம்பூர், சென்னை.