கார் தரைக்குக் கருவி வாங்கும்போது வாட் எண்ணைப் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாகனப் பக்கங்களில் வரும் வேக்குவம் கிளீனர் அறிமுகங்களில் ஒரே ஒரு எண்தான் கொட்டை எழுத்தில் நிற்கிறது: வாட். காரின் உள்தரையைச் சுத்தம் செய்யும் வேலைக்கு அந்த எண் அநேகமாக எதையும் சொல்வதில்லை. அதை நம்பி வாங்குபவர், கார்பெட்டில் மணல் அப்படியே கிடப்பதைப் பார்த்து, அடுத்து வாளித் தண்ணீரும் சோப்பும் எடுக்கிறார். சேதம் தொடங்கும் இடம் அதுதான்.

முதலில் வாட் கணக்கு. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சிறிய வேக்குவம் கிளீனருக்கு வருவது 12 வோல்ட். அந்த சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். பெருக்கிப் பார்த்தால் 120 அல்லது 180 வாட். என்ஜின் ஓடும்போது மின்னழுத்தம் 14 வோல்ட் வரை ஏறினாலும், 15 ஆம்பியருக்கு 210 வாட்டைத் தாண்டாது. அதே சாக்கெட்டில் செருகும் கருவியின் பெட்டியில் இதைப் போல மூன்று நான்கு மடங்கு அச்சிட்டிருந்தால், ஃபியூஸ் போக வேண்டும் அல்லது அச்சிட்டது பொய்யாக இருக்க வேண்டும். உண்மையான வாட்டே ஆனாலும், அது மோட்டார் தின்னும் மின்சாரத்தின் அளவு. இழுக்கும் குப்பையின் அளவல்ல.

கேட்க வேண்டிய எண்கள் இரண்டு. ஒன்று, கிலோபாஸ்கலில் சொல்லப்படும் உறிஞ்சு அழுத்தம்; குழாய் வாயை முழுக்க அடைத்து அளப்பது. மற்றது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்பது. வாயை முழுக்கத் திறந்து அளப்பது. வேலை இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நடப்பதால் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. கைக்கு அடக்கமான சில கருவிகள் அழுத்தத்தை நன்றாகவே காட்டும், காற்றோட்டம் சொற்பம். மேலே கிடக்கும் தூசியையும் காகிதத் துண்டையும் எடுக்கும். இழையின் அடியில் உட்கார்ந்த மணலைத் தூக்கப் போதுமான காற்று அதில் இல்லை. தூசியோடு தண்ணீரையும் இழுக்கும் டிரம் வடிவ ஈர-உலர் வேக்குவமில் காற்றோட்டம் நிமிடத்துக்கு 2,000 லிட்டருக்கு மேல் போவது சாதாரணம். இடம் இருப்பவர்கள் கார் தரைக்கு அதைத்தான் வாங்க வேண்டும். கையடக்கக் கருவி, இரண்டு பெரிய சுத்தங்களுக்கு நடுவே மேலோட்டமாக இழுத்துக்கொள்ள. அறிமுகம் எழுதுவோர் இந்த இரண்டு எண்களையும், ஹோஸின் நீளத்தையும், கூட வரும் நாசில்களையும் (குழாய் முனையில் மாட்டும் தலைகள்), பில்டரைத் தனியாக வாங்க முடியுமா என்பதையும் போட்டால் போதும். வண்ணப் படம்கூட வேண்டாம்.

இனி தரை. மிகப் பல கார்களின் தரை கார்பெட் நெய்ததே அல்ல. பாலியஸ்டர் இழைகளை ஊசிகளால் குத்திக் குத்திப் பிணைத்து, தரையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அச்சில் அழுத்தியது. சிலவற்றில் நைலான் இழைகளைக் கொத்துக் கொத்தாகத் தைத்த வகை இருக்கும். விரலால் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: வரிசையாக முடிக்கொத்து தெரிந்தால் தைத்தது, கம்பளித் தகடு போல ஒரே பிணைப்பாக இருந்தால் ஊசியால் குத்தியது. இந்த வேறுபாடு பிரஷ் வாங்கும்போது முக்கியம். ஊசியால் குத்திய வகையில் முரட்டு பிரஷ்ஷைப் போட்டால் இழைகள் மேலே கிளம்பிப் பஞ்சுபோல எழும்பி நிற்கும், பிறகு படியாது. நைலான் இழை கொண்ட, நடுத்தரக் கடினமுள்ள கை பிரஷ் போதும். இழை முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் வளைய வேண்டும். வளையாமல் குத்தினால் அதை ரப்பர் மேட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். டிரில்லில் மாட்டும் வட்ட பிரஷ் தைத்த கார்பெட்டுக்கு உதவும். ஆனால் குறைந்த வேகத்தில், ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்த வேண்டும். பிரிந்த நூலோ சீட்டின் கீழ் தொங்கும் ஒயரோ பக்கத்தில் இருந்தால் வேண்டவே வேண்டாம். கம்பி பிரஷ் எந்தக் கார்பெட்டுக்கும் ஆகாது.

மணல் துகள் கூர்முனை கொண்டது. ஒவ்வொரு முறை கால் வைக்கும்போதும் இழையின் அடியை அறுக்கிறது. அதன் மேல் தண்ணீர் பட்டால் சேறாகிக் கீழே இறங்குகிறது. ஆகவே உலர்ந்த வேலை முழுவதும் முடியாமல் ஈரம் உள்ளே வரக்கூடாது. இடக்கையால் பிரஷ்ஷைத் தட்டியும் குறுக்கும் நெடுக்குமாக இழுத்தும் மணலை மேலே கொண்டுவர, வலக்கையில் நாசில் பின்தொடர வேண்டும். பெரும்பாலோர் செய்வது போல வேகமாக முன்னும் பின்னும் தள்ளுவதால் பயனில்லை. ஓர் அடி தூரத்துக்கு மூன்று நான்கு நொடி கொடுங்கள். குழாய்க்குள் மணல் சலசலக்கும் ஓசை நின்ற பிறகு நகருங்கள். வீட்டுத் தரைக்கான அகலத் தலை காருக்குள் திரும்பாது. ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான, பிரஷ் இல்லாத வெறும் தலையும், தட்டையான இடுக்கு நாசிலும் இருந்தால் வேலை முடிந்துவிடும். இடுக்கு நாசில் காற்றின் வேகத்தைக் கூட்டும், அளவைக் குறைக்கும். அதனால் விரிந்த பரப்பில் அதை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம்.

சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி முன்பகுதியையும், முழுக்க முன்னால் தள்ளிப் பின்பகுதியையும் இழுக்க வேண்டும். சீட் நகரும் ரெயிலில் கிரீஸ் இருக்கும். அங்கே காற்றும் துணியும் மட்டும், தண்ணீரோ ஷாம்புவோ கூடாது. ஏர் கன்னால் ஊதுவதானால் கண்ணாடி அணிந்து, திறந்த கதவை நோக்கி ஊதுங்கள். உள்நோக்கி ஊதினால் தூசி ஏசி துவாரத்துக்கும் சீட் துணிக்கும் இடம் மாறும், அவ்வளவுதான். சீட்டின் கீழே மஞ்சள் நிறக் கனெக்டர்கள் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். அவை ஏர்பேக், சீட் பெல்ட் இழுப்பான் ஆகியவற்றின் இணைப்புகள். நாசில் இடித்துத் தளர்ந்தாலே டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். ஹைப்ரிட் வண்டிகள் சிலவற்றில் பின் சீட்டை ஒட்டி பேட்டரி குளிர்விக்கும் காற்றுத் துவாரம் உண்டு; அங்கே தெளிப்பானைக் கொண்டுபோகவே கூடாது.

நாய், பூனை முடிக்கு வேக்குவம் முதல் கருவி அல்ல. ரப்பர் கையுறையோ ரப்பர் பட்டையுள்ள பிரஷ்ஷோ ஒரே திசையில் இழுத்தால் முடி உருண்டு திரளும், கையாலேயே எடுத்துவிடலாம். இதற்கென்று விற்கும் நுரைக்கல் முடியோடு இழையையும் சேர்த்து அறுக்கும்.

நன்றாக இழுத்துக்கொண்டிருந்த கருவி திடீரென்று சோர்ந்தால் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் பில்டரைப் பாருங்கள். கழுவக்கூடிய பில்டரைக் கழுவினால் ஒரு நாள் முழுக்க உலர வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் தூசி களிமண்ணாக ஒட்டி அடைத்துக்கொள்ளும். நாற்றம் போக்க சோடா உப்பைத் தரையில் கொட்டும் வழக்கம் பரவியிருக்கிறது. அந்த நுண்தூள் பாதி பில்டரை அடைக்கிறது, மீதி இழையடியிலேயே தங்குகிறது. இரண்டு பில்டர் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

ஈரச் சுத்தத்தில் கெடுவது கார்பெட் அல்ல, அதன் கீழே இரைச்சலைத் தடுக்கப் போட்டிருக்கும் பஞ்சு. அது தண்ணீரைக் குடித்தால் மேலே இருந்து உலராது. நாற்றம், பூஞ்சை, பிறகு தகட்டில் துரு. பல கார்களில் ஒயர் கட்டுகளும் அதே பள்ளத்தில்தான் ஓடுகின்றன. எனவே ஒரு கால்குழிக்கு, அதாவது ஒருவர் கால் வைக்கும் பள்ளத்துக்கு, 200 மில்லிலிட்டர் ஷாம்புக் கலவைக்கு மேல் தெளிக்காதீர்கள். ஷாம்பு அளவு லேபிளில் சொன்னபடி, அல்லது அதற்கும் சற்றுக் குறைவாக. மிஞ்சிய சோப்பு பிசுபிசுப்பாக நின்று அடுத்த வாரமே அழுக்கைப் பிடிக்கும். தெளித்து உடனே உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்டர் இருந்தால், ஒருமுறை தெளித்ததற்கு மூன்று முறை உறிஞ்ச வேண்டும். நாசில் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் மாடலை வாங்குங்கள். தண்ணீர் வருவது நின்றதா என்று கண்ணால் தெரியும். கடைசியாக வெறும் தண்ணீரில் ஒருமுறை. பிறகு வெள்ளைத் துண்டை விரித்து முழங்காலால் அழுத்திப் பாருங்கள். துண்டு நனைந்தால் இன்னும் உறிஞ்ச வேண்டும். கதவுகளைத் திறந்து மின்விசிறி வைப்பதே உலர்த்தும் வழி.

உலர் வேக்குவமால் ஈரத்தை இழுத்தால் மோட்டாருக்கும் ஆளுக்கும் ஆபத்து. ஈர-உலர் வகையிலும் காகித பில்டரைக் கழற்றி நுரை உறையை மாட்டிய பிறகே தண்ணீரை இழுக்க வேண்டும். பெட்ரோல் சிந்தியிருந்தால் எந்த வேக்குவமும் கூடாது. மோட்டாரின் ஒரு பொறி போதும். நீராவிக் கருவி ரப்பருக்கும் பிளாஸ்டிக் ஓரங்களுக்கும் நல்லது. ரத்தக் கறையில் பிடித்தால் சூடு அதை இழையிலேயே பதித்துவிடும். அதற்குக் குளிர்ந்த தண்ணீர்தான்.

மேட்டுகளை எப்போதும் வெளியே எடுத்துக் கழுவுங்கள். சுருள் சுருளான பிளாஸ்டிக் இழை கொண்ட நூடுல்ஸ் மேட்டைக் கவிழ்த்துத் தட்டிய பிறகே தண்ணீர். தைத்த பல அடுக்கு மேட்டுகளை முக்கி ஊற வைக்காதீர்கள். தையல் ஓட்டை வழியே நுரைக்குள் போன தண்ணீர் வெளியே வராது. ரப்பர் மேட்டுக்குப் பளபளப்பு எண்ணெய் பூசுவது பிரேக்கில் வைக்கும் காலை வழுக்கச் செய்யும். ஓட்டுநர் மேட்டின் கொக்கி மாட்டியிருக்கிறதா, ஒரு மேட்டின் மேல் இன்னொன்று கிடக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டே வண்டியை எடுக்க வேண்டும்.

எத்தனை முறை உலர்த்தினாலும் முன் பயணி கால்குழி மட்டும் திரும்பத் திரும்ப நனைந்தால், அங்கே எந்தச் சுத்தக் கருவிக்கும் வேலையில்லை. பெரும்பாலும் ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். மேற்கூரைக் கண்ணாடி (சன்ரூஃப்) உள்ள வண்டியானால் அதன் வடிகால் குழாய்களையும் பார்க்க வேண்டும். ஈரம் பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையோடும் இருந்தால் அது ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், என்ஜினைக் குளிர்விக்கும் திரவம். துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இப்படிக்கு,
வாகன உட்புறச் சுத்தத் தொழிலில் உள்ள வாசகர்