அளவு நோட்டு

பொன்மனை,
சிவராத்திரி கழிந்து நாலாம் நாள்.

மக்களே,

சுகமாக இருக்கிறாயா? இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது. ரப்பர் இலை முழுக்க உதிர்ந்து பால்வெட்டை நிறுத்திவிட்டார்கள். இனி தளிர் வந்து மூத்த பிறகுதான். பின்விளைப் பலாவில் சக்கை இந்த வருஷம் அடிமரத்திலேயே காய்த்துக் கிடக்கிறது. நேற்று இடிச்சக்கைத் தோரன் வைத்தேன். நீ இல்லாத வீட்டில் சட்டியில் பாதி மிஞ்சுகிறது.

போனில் சொல்ல வேண்டியதை இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ "சாப்பிட்டேன், வேலை இருக்கு, வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாய். தை மாதம் நான் வந்துவிட்டுப் போன பிறகு ஒரு நாள்கூட நீ வீடியோவில் வரவில்லை. கேமரா கெட்டுவிட்டது என்றாய். சரி. சிவராத்திரிக்கு வருவாய் என்று அப்பா குழித்துறை ஸ்டேஷனுக்கு ஆட்டோகூடச் சொல்லி வைத்திருந்தார். லீவு இல்லை என்றாய். அதற்கும் சரி.

காலையில் வெறும் வயிற்றோடு ஆபீசுக்கு ஓடாதே. ராத்திரி பதினொரு மணிக்கு வெளியிலிருந்து வரவழைத்துச் சாப்பிடாதே. கொஞ்சமாவது நடக்கிறாயா? நடக்க வேண்டும் மக்களே.

சிவாலய ஓட்டத்தில் 12 சிவன் கோயிலுக்கும் ஓடுகிறவர்கள் இந்த வருஷமும் நிறையப் பேர். வழக்கம்போல நம் முற்றத்தில் பெரிய அண்டாவில் சுக்குத் தண்ணீர் போட்டு வைத்தோம். உன் அப்பா 12 கோயிலும் ஓடிய காலத்தில் தூணில் மாட்டிய விசிறி இன்னும் அங்கேயே இருக்கிறது. கூட்டம் எல்லாம் போய்ப் பொழுது விடிகிற நேரத்தில் ஒரு ஆள் தனியாக வந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல கனத்த உடம்பு, வயிற்றுக்குக் கீழே வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். "கோவிந்தா" என்று சொல்வதற்கே மூச்சு வாங்கியது. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு கிளாஸ் குடித்தார். இன்னும் 7 கோயில் இருக்கிறதே என்றார் அப்பா. "இருக்கட்டும், சாயங்காலத்துக்குள்ளே போய்ச் சேர்ந்தா போதும்" என்று எழுந்து போய்விட்டார். எதிரே வந்தவர்கள் "கோபாலா" என்று குரல் கொடுத்து வழி விட்டார்கள். சானல் கரையில் அவர் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டே நின்றேன். உன் நினைப்பாகவே இருந்தது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். உன் கட்டிலுக்கு அடியில் தூத்தபோது ஒரு ஷூப் பெட்டி வந்தது. நான் தேடவில்லை, துடைப்பத்தில் தட்டியது. உள்ளே ஷூ புதுசாக இருந்தது. முனையில் அடைத்த காகித உருண்டையைக்கூட ஒன்றில் எடுக்கவில்லை. அடியில் ஜிம்முக்குப் பணம் கட்டிய ரசீது, ஒரு வருஷத்துக்கு 14,000 ரூபாய். பணம் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் காசுக்கு எத்தனை பிளவுசுக்குக் கொக்கி வைக்க வேண்டும் என்று உனக்கே தெரியும். ஆனால் அன்று ராத்திரி நீ உன் கூட்டுக்காரியிடம் அடுக்களையில் பேசியதைக் கேட்டேன். நான் தூங்கவில்லை. ரோட்டைப் பார்த்த கண்ணாடிக்குப் பக்கத்தில் டிரெட்மில், பின்னால் இரண்டு பெண்கள், அவர்கள் ஏதோ சொல்லிச் சிரித்தது, ஒருத்தி போனை உயர்த்திப் பிடித்தது, நாலாவது நிமிஷத்தில் நீ இறங்கி வந்தது. "அவங்க என்னைப் பாத்துத்தான் சிரிச்சாங்களான்னுகூட எனக்குத் தெரியாது, ஆனா இனி போக முடியாது" என்றாய். எழுந்து வந்து உன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கை கால் துடித்தது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலையில் தோசை சுட்டுத் தந்தேன், அவ்வளவுதான் செய்தேன்.

கல்யாணத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. மாமி பேசுவது மாமியோடு. அந்தப் பேச்சை நான் வீட்டுக்குள் எடுக்கவே இல்லை. எனக்கு உன் கழுத்துத்தான் பயம்.

தலை பின்னிவிட்டபோது பார்த்தேன், பின்கழுத்து மடிப்பில் அந்தக் கறுப்பு இன்னும் தடித்திருக்கிறது. நீ எட்டாவது படிக்கிறபோதே அது இருந்தது. அழுக்கு என்று நினைத்து எத்தனை ஞாயிற்றுக்கிழமை கடலைமாவும் பீர்க்கங்கூடும் வைத்துத் தேய்த்திருக்கிறேன், நீ "எரியுதும்மா" என்று கத்துவாய். ஓணம் முடிந்த வாரம் மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட்டில் (HbA1c) எனக்கு 8.4 என்று வந்ததே, அன்று டாக்டரம்மாவிடம் பேச்சுவாக்கில் இதைக் கேட்டேன். அது அழுக்கு இல்லையாம். இன்சுலின் நிறையச் சுரந்தும் உடம்பு அதற்குச் சரியாகக் கேட்காமல் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிக்குமாம். சர்க்கரை வரக்கூடும் என்று உடம்பே முன்கூட்டிக் காட்டுவதாம். தேய்த்தால் புண்தான் ஆகும் என்றார். பாட்டாவின் கால்விரலை எடுத்தபோது நீதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாய். உனக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். அந்த மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட்டை எடுத்துவிடு. 5.7க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 5.7 முதல் 6.4 வரை என்றால் இப்போதே பிடித்து நிறுத்தலாமாம்.

எனக்கு வாரத்துக்கு 150 நிமிஷம் நடக்கச் சொன்னார். ஐந்து நாள், அரைமணி நேரம். முதலில் பத்து நிமிஷம் போதும் என்றார். நடக்கிறபோது தசையே ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளுமாம், எடை குறைவதற்குக் காத்திருக்க வேண்டியதில்லையாம். அப்படித்தான் ஆனது. எடை 2 கிலோதான் இறங்கியது, சர்க்கரை மார்கழியில் 7.3 என்று வந்துவிட்டது. முட்டிவலியும் மட்டுப்பட்டிருக்கிறது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் முட்டியில் நாலு கிலோ பாரம் குறையுமாம்.

ஆனால் நான் எப்போது நடந்தேன் தெரியுமா? விடியற்காலை நாலே முக்காலுக்கு, எஸ்டேட் ரோட்டில். இந்த உடம்பை வைத்துக்கொண்டு கையை வீசி நடக்கிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் மட்டும்தான் அந்த நேரம் அங்கே இருப்பார்கள். வெளிச்சம் என் பக்கம் திரும்பினால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பேன். மார்கழியில் ஒரு நாள் எழுந்திருக்கத் தாமதமாகிவிட்டது. தூரத்திலிருந்து ஒருவர் கேட்கிறார், "மாமி, இண்ணைக்கு நேரமாச்சே, சுகமில்லையா?" என்று. அத்தனை நாளும் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு அவரவர் மரத்தை வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இப்போது இலையும் இல்லை, ஒதுங்கி நிற்க மறைவும் இல்லை. ஆறு மணிக்கு ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே நான் நடப்பது தெரியும். நடந்துகொண்டுதான் இருக்கிறேன். கூச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பஸ் சத்தம் கேட்டால் இன்னும் தலை தானாகக் குனிகிறது.

உனக்கு உடம்பில் பலம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஒன்பதாவதில் வட்டார விளையாட்டில் குண்டு எறிந்து முதலாவதாக வந்தவள் நீ. இரண்டாவது வந்த பெண் பத்தாவது படித்தவள், நீ எறிந்த இடத்துக்கு ஒரு முழம் பின்னால் அவள் குண்டு விழுந்தது என்று டீச்சர் கடைக்கு வந்து சொன்னார். அடுத்தது மாவட்டப் போட்டி, நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில்.

நீ ஏன் அந்தப் போட்டிக்குப் போகவில்லை என்று இத்தனை வருஷமாக நம் வீட்டில் யாரும் பேசியதில்லை. காய்ச்சல் என்று டீச்சரிடம் சொன்னது நான்.

டிராக் பேண்டும் டீஷர்ட்டும் தைக்கச் சொன்னார்கள். சனிக்கிழமை, கடையில் திருவிழா அவசரம், பிளவுசுக்கு நின்றவர்கள் ஐந்தாறு பேர். உன்னைக் கூப்பிட்டு இஞ்ச் டேப்பைச் சுற்றினேன். சுற்றிவிட்டு எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். அந்த எண்ணை இப்போது எழுத மாட்டேன். "ரெண்டு பேருக்கு வாங்குற துணி இவளுக்கு ஒருத்திக்கு வேணும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் மக்களே. நீ கையை இரண்டு பக்கமும் விரித்தபடியே நின்றாய். டேப் இன்னும் உன் இடுப்பில் இருந்தது.

இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறேன். எவ்வளவு பருத்த பெண் வந்தாலும் அளவை வாயால் சொன்னதில்லை. நோட்டில் எழுதுவேன், எழுதிய பக்கத்தைக் கவிழ்த்து வைப்பேன். அதற்காகவே திற்பரப்பிலிருந்தும் திருநந்திக்கரையிலிருந்தும் என்னைத் தேடி வருகிறார்கள். ஊரார் பிள்ளைக்குப் பார்த்த மானத்தை என் பிள்ளைக்குப் பார்க்கவில்லை.

மறுநாள் போட்டிக்குப் போகவில்லை என்றாய். நான் ஒரு வார்த்தை போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பாய். சொல்லவில்லை. எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அவ்வளவு பெரிய ஸ்டேடியத்தில் அந்த உடையில் உன்னை எல்லாரும் பார்ப்பார்களே என்று எனக்குத்தான் முதலில் கூச்சம் வந்தது. அதற்குப் பிறகு நீ அளவு எடுக்க நிற்கவே இல்லை. பழைய சுடிதாரை மேசையில் வைத்துவிட்டு, "இதே அளவும்மா, ஒரு இஞ்ச் கூட்டி" என்று சொல்லிவிட்டுப் போவாய். நானும் என்ன ஏது என்று கேட்கவில்லை.

அந்தக் கண்ணாடி முன்னால் உனக்குக் கேட்ட சிரிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். தை மாதத்திலிருந்து அது என்னைத் தூங்கவிடவில்லை.

போன வாரம் குலசேகரத்தில் மேல்மாடியில் இருக்கிற ஜிம்முக்கு ஏறிப் போனேன். மகளுக்கு உடுப்புத் தைக்க வேண்டும், பெண்கள் என்ன போடுவார்கள் என்று பார்க்க வந்தேன் என்றேன். பத்து மணிக்குமேல் அங்கே பெண்கள் மட்டும்தான். சொல்லிக்கொடுக்கிற பெண் மரியாதையாகப் பேசியது. கனத்த உடம்புக்காரர்கள் முதல் நாளே ஓட வேண்டாமாம், உட்கார்ந்து மிதிக்கிற சைக்கிளும் மெதுவான நடையும் போதுமாம், கூடவே எடை தூக்குவதும் வேண்டுமாம். ஓட முடியாதவர்கள் பலர் தூக்குவதில் மற்றவர்களைவிடப் பலமாக இருப்பார்களாம். கேட்டதும் உன் இரும்புக் குண்டுதான் நினைவுக்கு வந்தது. உன் ஜிம்மிலும் கூட்டம் இல்லாத நேரம் எது என்று கேள். கண்ணாடிப் பக்கம் வேண்டாம் என்றால் வேண்டாம், மூலையில் இருக்கிற சைக்கிளில் ஏறு. பத்து நிமிஷம் போதும்.

அங்கே ஒரு பிள்ளை, உன் போலத்தான் உடம்பு, ஒவ்வொரு தடவை கையைத் தூக்கி இறக்கும்போதும் டீஷர்ட்டைக் கீழே இழுத்துவிட்டது. பத்து தடவை தூக்கினால் பத்து தடவை இழுத்தது. எப்படி அதற்கு மூச்சில் மனம் நிற்கும்? ரெடிமேடில் கைக்குழியைத் தாழ வெட்டிவிடுவார்கள். கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே ஏறும். உனக்கு இரண்டு டாப் தைத்திருக்கிறேன். கைக்குழியை உயர்த்தி வெட்டி, அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துச் சேர்த்திருக்கிறேன். கையை எவ்வளவு தூக்கினாலும் கீழ்ப்பட்டி அசையாது. நானே போட்டுத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். நிறம் கருநீலம், வியர்வை தெரியாது. சாம்பல் நிறம் வாங்கிவிடாதே, அதில் வியர்வை அப்படியே தெரியும்.

அளவு உன் பழைய சுடிதார்தான், அலமாரியில் இருந்தது. பக்கத் தையலில் ஒரு இஞ்ச் விட்டிருக்கிறேன். பிடித்தால் பிரித்துக்கொள். லூசாக இருந்தால் அங்கே எந்தக் கடையிலும் கொடுக்காதே, வரும்போது கொண்டுவா. டேப்பை எடுக்க மாட்டேன். நீயே அளந்து நோட்டில் எழுதி, கவிழ்த்து வை.

பார்சலில் மட்டிப்பழச் சீப்பு ஒன்றும் அப்பா வைத்திருக்கிறார். வழியில் நசுங்கும் என்றேன், கேட்கவில்லை.

அம்மா

அந்த மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு வேண்டாமாம். சாப்பிட்டுவிட்டே போ.