இரும்பு மனுஷி என்று எழுதி அடித்துவிட்டேன்

சனிக்கிழமை நடைக்கு வரும் அக்காமார்களுக்கு,

வணக்கம். கறுப்பின அமெரிக்கர்களான உங்களுக்குத் தமிழில் எழுதினால் படிக்க வராது. பரவாயில்லை, நடக்கும்போது வாயால் சொல்லிவிடுகிறேன். ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்து உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பெண் யாராவது இதைப் படிக்கக்கூடும், அதற்காகத்தான் தமிழ். பெயர் போடாதே என்றீர்கள்; போடவில்லை.

முதல் நன்றி, ரத்தம் எடுக்கும் பிரிவில் என்னோடு வேலை பார்க்கும் பெரிய அக்காவுக்கு. அட்லாண்டா வழக்கப்படி மூத்தவர்கள் பெயருக்கு முன்னால் 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுகிறேன். மனசுக்குள் அது அக்காதான்.

மகன் பிறந்த இரண்டாம் மாதம், டாக்டர் அறையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். எடின்பரோ கேள்வித்தாள். 1987-இல் வந்தது, மொத்தம் பத்தே கேள்விகள். காரணமில்லாமல் பயம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று கேட்டுப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிப்பார்கள். எதைச் சொன்னால் விடுவார்களோ அதையே டிக் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். தாளை ஏமாற்றிவிட்டேன், உங்களை முடியவில்லை அக்கா. வேலைக்குத் திரும்பிய வாரம், என் டப்பாச் சோறு அப்படியே வீட்டுக்குத் திரும்புவதை மூன்று நாள் பார்த்தீர்கள். நாலாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எத்தனை நாளாக இப்படி?" என்றீர்கள். "என்ன ஆச்சு?" என்று கேட்டிருந்தால் "ஒன்றுமில்லையே" என்றிருப்பேன். எத்தனை நாள் என்று கேட்டால் எண்ணித்தானே ஆக வேண்டும்? எண்ணும்போதே அழுதுவிட்டேன்.

அன்றுதான் உங்கள் கதையையும் சொன்னீர்கள். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு உங்களுக்கும் இதே இருட்டு. சர்ச்சில் ஜெபம் பண்ணச் சொன்னார்கள். அம்மாவோ, "வீட்டுக்குள் நடப்பது வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்" என்றாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எங்கள் அம்மா சொல்வதும் அட்சரம் பிசகாமல் அதேதான். அப்புறம்தான் வித்தியாசம் புரிந்தது. எங்கள் வீட்டுப் பயம் ஊர் வாயைப் பற்றியது. உங்கள் வீட்டுப் பயம் டாக்டரைப் பற்றியது. அடிமை தப்பி ஓடினால் அது ஒரு மனநோய் என்று பெயர் வைத்து 1851-இல் எழுதினார் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர். அலபாமா மாநிலத்து டஸ்கேகியில் 1932 முதல் 1972 வரை, மேக நோய் (சிபிலிஸ்) கண்ட கறுப்பின ஆண்களுக்கு மருந்து இருந்தும் கொடுக்காமல் நோய் எப்படிப் போகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். இதைக் கேட்டு வளர்ந்தவர்களிடம் போய், "மனசுக்கு ஒரு டாக்டரைப் பாருங்களேன்" என்று யார் சுலபமாகச் சொல்லிவிட முடியும்?

அப்படியும் நீங்கள் போனீர்கள். இந்த நாட்டு உளவியலாளர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான் கறுப்பினத்தவர். அதில் ஒருவரைத் தேடிப் பிடிக்க உங்களுக்கு எட்டு மாதம் ஆனதாம். இப்போது அந்த அலைச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இதே அட்லாண்டாவில் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் என்ற உளவியலாளர் 2014-இல் கறுப்பினப் பெண்களுக்காக 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். எந்த ஊரில் எந்தத் தெரபிஸ்ட் என்று தேட அதில் ஒரு பட்டியலே உண்டு. நம் குழுவின் கடைக்குட்டிக்குக் கட்டணம் கட்ட வழியில்லாதபோது, ரேச்சல் கார்கிளின் லவ்லேண்ட் அறக்கட்டளை தந்த உதவியில்தான் போனாள்.

அந்தக் கடைக்குட்டிக்குத் தனியாக ஒரு நன்றி. தங்கச்சி, பார்க்கிங்கில் உன் காருக்குள் உட்கார்ந்து முதல் போன் போட்டோமே, ஞாபகம் இருக்கிறதா? "முதல் பதினைந்து நிமிடம் பெரும்பாலும் இலவசம், பயப்படாதே. கட்டணம் எவ்வளவு, வருமானத்துக்குத் தகுந்தபடி குறைப்பார்களா, உன் மாதிரி வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைப் பார்த்த பழக்கம் உண்டா என்று கேள். பிடிக்கவில்லையா, அடுத்தவருக்குப் போன் போடு" என்றாய். தெரபிஸ்டைப் பிடிக்காமல் போகலாம் என்பதே எனக்குப் புதுச் செய்தி. ஆபீஸ் மூலம் ஆறு முறை இலவசமாகப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்துச் சொன்னதும் நீதான். அந்த மெயில் இரண்டு வருடமாக நான் திறக்காமலே கிடந்தது.

நம்மில் மூத்தவருக்கு: 1983-இல் ஸ்பெல்மன் கல்லூரியில் பில்லி ஏவரி முன்னின்று நடத்திய கறுப்பினப் பெண்களின் உடல்நல மாநாட்டுக்குப் போனவர் நீங்கள். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னதைப் பற்றி ஒரு முழு நடை தூரத்துக்கு நீங்கள் பேசிய அன்று, எனக்குக் கால் வலிக்கவே இல்லை.

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை. போனை அணைத்துவிட்டு மதியம் முழுக்கத் தலைமுடிக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, அலசி, பின்னுகிறீர்களே, அந்த 'வாஷ் டே'யில் யார் கூப்பிட்டாலும் வர மாட்டீர்கள். எங்கள் பாட்டி வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலை இப்படித்தான் காப்பாற்றி வந்தார். நான்தான் விட்டுத் தொலைத்திருந்தேன். இப்போது வெள்ளி காலையில் குழந்தை அப்பாவிடம், நான் சீயக்காயோடு.

இந்த மடலின் முதல் பிரதியில், "நீங்கள் எல்லோரும் இரும்பு மனுஷிகள்" என்று எழுதியிருந்தேன். பெரிய அக்காவிடம் மொழிபெயர்த்துச் சொன்னபோது முகம் மாறியது. "அந்தச் சொல்லை மட்டும் கொடுக்காதே. சின்ன வயதிலிருந்து அதைத்தான் சுமக்கிறேன். இரும்பு என்று சொல்லிச் சொல்லியே யாரும் எனக்கு வலிக்கிறதா என்று கேட்டதில்லை" என்றீர்கள். உங்களிடம் வாங்கிக்கொண்டே இருந்த நானும் கேட்டதில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். மன்னித்துவிடுங்கள் அக்கா.

பிரசவத்துக்குப் பிறகு நீங்கள் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 'பை' (pie) என்ற இனிப்பைச் செய்து அனுப்பிய கண்ணாடித் தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. சனிக்கிழமை அதில் தேன்குழல் வரும். அன்றைக்கு நீங்கள் மெதுவாக நடந்தால் போதும். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று முதலில் அதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
லேப் தங்கச்சி